ரஞ்சி 2023-24: தோற்றது காலை 9 மணிக்கா, 106/7-க்கு அப்புறமா?

மாடி கேலரி:
மும்பை ஃபைனலில் விதர்பாவை 169 ரன்னில் சாய்த்து 42-ஆவது கோப்பையைத் தூக்கியாச்சு. தமிழ்நாட்டுக்காரர்களான நமக்கோ மும்பையிடம் தோற்ற அரையிறுதிப் பஞ்சாயத்தே முடியவில்லை. பார்க்காதவர்களுக்குச் சுருக்கம்: மும்பை பிகேசி மைதானத்தில் நம் கேப்டன் சாய் கிஷோர் டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்தார். 146 ஆல் அவுட். மும்பை 378. திரும்ப ஆடி 162. மூன்றே நாளில் இன்னிங்ஸ் தோல்வி. ஆட்டம் முடிந்ததும் நம் கோச் சுலக்ஷன் குல்கர்னி, முதல் நாள் காலை 9 மணிக்கே தோற்றுவிட்டோம், பவுலிங் எடுத்திருக்க வேண்டும், கேப்டனுக்கு வேறு எண்ணம் இருந்தது என்று பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டார். கேப்டனை இப்படிக் கைவிடலாமா என்று தினேஷ் கார்த்திக் பொங்கினார். நான் கோச் பக்கம். அவர் சொன்னதில் எது பொய்?

நாலாம்நாள் பிட்ச்:
பொய் என்று யார் சொன்னது? சொன்ன இடம்தான் தப்பு. டிரெஸ்ஸிங் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்ல வேண்டியதை மைக் முன்னால் சொன்னால் அதற்குப் பெயர் நேர்மை இல்லை. ஏழு வருஷம் கழித்து அணியை அரையிறுதிக்குக் கொண்டுவந்த கேப்டன். சீசனில் 53 விக்கெட், நாட்டிலேயே அவர்தான் முதலிடம்.

தாதர் தமிழன்:
53 விக்கெட் எடுத்தவர் டாஸில் தப்பே செய்ய மாட்டாரா அண்ணே? குல்கர்னி மும்பைக்கு ஆடியவர், 2012-13-இல் மும்பை ஜெயித்தபோது அவர்தான் கோச். அந்த ஊர்ச் செம்மண் பிட்சில் காலை முதல் மணி நேரம் பந்து என்ன செய்யும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? பக்கத்திலேயே ஆள் இருந்தும் கேட்கவில்லை. மும்பையின் ஷர்துலும் துஷார் தேஷ்பாண்டேவும் வேகத்தில் மிரட்டினார்கள், நமக்கு 42-க்கு 5 போச்சு. நம் விஜய் சங்கரும் வாஷிங்டன் சுந்தரும் நாற்பது சொச்சம் அடிக்காவிட்டால் நூறே வந்திருக்காது.

நாலாம்நாள் பிட்ச்:
சரி, டாஸில் தப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 146 அடித்த பிறகும் இரண்டாம் நாள் மும்பை 106-க்கு 7. ரஹானே 19, ஷ்ரேயஸ் ஐயர் 3. சாய் கிஷோர் மட்டும் அந்த இன்னிங்ஸில் 6 விக்கெட். இன்னும் 40 ரன் முன்னிலை நம் கையில். அந்த நிமிஷம் ஆட்டம் யாருடையது? 9 மணிக்கே தோற்ற அணி எதிராளியை 106/7-இல் நிறுத்துமா?

அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்று ஸ்கோர்கார்டைப் பாருங்கள். எட்டாவது விக்கெட்டுக்கு 105, ஒன்பதாவதுக்கு 79, கடைசிக்கு 88. மூன்று ஜோடி, 272 ரன். ஒன்பதாவதாக இறங்கிய ஷர்துல் 105 பந்தில் 109, முதல்தர கிரிக்கெட்டில் அவருடைய முதல் சதம். பத்தாவதாக இறங்கிய கோட்டியன் 89 நாட் அவுட். இதையெல்லாம் காலை 9 மணிக்குச் சுண்டிய நாணயம் அடித்ததா?

மாடி கேலரி:
ஷர்துல் டெஸ்ட் ஆடியவர். அவர் அடித்தால் அடிக்கத்தான் செய்வார்.

நாலாம்நாள் பிட்ச்:
கோட்டியனும் தேஷ்பாண்டேவும்? அதே மைதானத்தில் காலிறுதியில் பரோடாவுக்கு எதிராக 10, 11-ஆவது ஆட்கள் இருவருமே சதம் போட்டார்கள். 232 ரன் பார்ட்னர்ஷிப். முதல்தர கிரிக்கெட்டில் இதற்கு முன் அப்படி நடந்தது 1946-இல், லண்டன் ஓவலில் நம் இந்திய அணியின் சர்வாதேவும் பானர்ஜியும். ஊரே பேசிய விஷயம் அது. அந்த வாலுக்கு, அதாவது கடைசியில் இறங்கும் பவுலர்களுக்கு, என்ன திட்டம் வைத்திருந்தோம்? கோச்சிடம் நான் கேட்பது அதைத்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, டாஸ் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

செகண்ட் ஸ்லிப்:
ரெண்டு பேரும் பாதி பேசுகிறீர்கள். வாலை ஏன் அறுக்க முடியவில்லை? காலிறுதியில் நடப்பு சாம்பியன் சௌராஷ்டிராவை கோவையில் இன்னிங்ஸ் மற்றும் 33 ரன்னில் தோற்கடித்தோம். சாய் கிஷோர் அந்த ஆட்டத்தில் 9 விக்கெட், 60 ரன். அவரும் அஜித் ராமும், இரண்டு இடதுகை ஸ்பின்னர், சீசன் முழுக்க வண்டியை இழுத்தார்கள். ஊரில் சுழலும் பிட்ச் போட்டுக்கொண்டு ஜெயித்தால் வேகப்பந்து வீச்சாளனுக்கு பழைய பந்தில் வேலையே வராது. பந்து தேய்ந்து 60 ஓவர் ஆனதும் ஷர்துல் மாதிரி ஒருவர் சுத்த ஆரம்பித்தால் யாரிடம் கொடுப்பது? ஸ்பின்னரிடமே திரும்பத் திரும்ப. அவர்களும் மனுஷர்கள்தானே.

தாதர் தமிழன்:
இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது என் பக்கத்துக்குத்தான் பலம். வேகத்தில் வலு இல்லாத அணி, காலை ஈரம் இருக்கும்போதாவது அவர்களை வீசவைத்திருக்க வேண்டாமா? புல் இருக்கும் பச்சை பிட்சில் சுமாரான வேகப்பந்தும் விக்கெட் எடுக்கும். மத்தியானம் வெயிலில் எடுக்காது.

செகண்ட் ஸ்லிப்:
நல்ல பாயிண்ட். அப்படிப் போட்டிருந்தால் கடைசி இன்னிங்ஸ் நாம் ஆட வேண்டும், மும்பை ஸ்பின்னர்கள் கோட்டியனும் முலானியும் சுழற்றுவார்கள். ரெண்டாவது இன்னிங்ஸில் முலானி 4 எடுத்தாரே. நம் இந்திரஜித்தின் 70-ஐ விட்டால் அதில் சொல்ல என்ன இருந்தது? சாய் கிஷோர் முதலில் பேட்டிங் எடுத்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். முட்டாள்தனம் இல்லை, கணக்கு. கணக்கு தப்பிப்போச்சு.

மாடி கேலரி:
1987-88-க்குப் பிறகு நமக்கு ரஞ்சி கோப்பை இல்லை. 36 வருஷமாகக் கணக்குதான் தப்பிக்கொண்டிருக்கிறது.

நாலாம்நாள் பிட்ச்:
அந்த 36 வருஷத்தில் எத்தனை கோச், எத்தனை கேப்டன்? ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு தலை உருளும், அடுத்த வருஷம் கோவையிலும் சேலத்திலும் அதே பிட்ச். செகண்ட் ஸ்லிப் கேட்டதற்கு யாராவது பதில் சொல்லுங்கள். அடுத்த சீசனில் ஒரு ஹோம் மேட்சுக்காவது புல்லை வெட்டாமல் விடுவார்களா?

தாதர் தமிழன்:
விட்டால் முதல் ஆட்டத்திலேயே தோற்போம். அன்றைக்கும் இதே இடத்தில் நீங்களே வந்து திட்டுவீர்கள் அண்ணே.

நாலாம்நாள் பிட்ச்:
திட்டுவேன். ஆனால் டாஸைத் திட்ட மாட்டேன்.