செவ்வந்திக்கல் அணிந்தவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்களேன்

திருப்பூர்க்காரி:

நான் பிப்ரவரியில் பிறந்தவள். அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார், "உங்க மாசத்துக் கல்லு அண்ணி" என்று அமெதிஸ்ட், அதாவது நம் செவ்வந்திக்கல் பதித்த தோடு அனுப்பியிருக்கிறாள். மாமியாரோ, "அது சனியோட கல்லும்மா, ஜாதகம் பார்க்காம போட்டுக்காதே" என்கிறார். கணவருக்கு அது வெறும் கண்ணாடி. எனக்கு நிறத்தை விட்டுக் கண் நகரவில்லை. நாவற்பழத்தைக் கடித்ததும் உள்ளே தெரியுமே, அந்த ஊதா. இந்தக் கல்லோடு பழகியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கோவை பட்டறை:

கல் பதிப்பதுதான் எனக்குத் தொழில். முதலில் மாமியார் விஷயம். சனிக்கு உரிய நீலக்கல் வாங்கக் கட்டுப்படியாகாதவர்களுக்கு உபரத்தினமாக இந்தக் கல்லைச் சொல்வது ஜோதிடர்கள் வழக்கம். வடக்கே ஜமுனியா என்பார்கள். அது அவர்கள் கணக்கு, பட்டறைக் கணக்கு வேறு. இது குவார்ட்ஸ். உங்கள் வீட்டுப் பூஜையறையில் ஸ்படிக மாலை இருந்தால், அதுவும் இதுவும் ஒரே ஜாதி. உள்ளே துளி இரும்பு கலந்திருக்கும். மண்ணுக்குள் கிடந்த காலத்தில் பக்கத்துப் பாறைகளின் கதிர்வீச்சு பட்டுத்தான் அந்த ஊதா வந்தது.

வந்த நிறம் சூட்டில் போய்விடும். 400, 500 டிகிரி காட்டினால் பல ஊர்க் கற்கள் மஞ்சளாகிவிடும். சந்தையில் சிட்ரின் என்று விற்பதில் பெரும்பகுதி இப்படிச் சுட்ட அமெதிஸ்ட்தான். அந்த மஞ்சள் கல்லைச் சுனேலா என்று சொல்லி, கனக புஷ்பராகத்துக்குப் பதிலாகக் குருவுக்கு என்று கட்டிக்கொள்கிறார்கள். ஆக, அடுப்பில் வைக்கும் முன் சனி, இறக்கிய பின் குரு! மாமியாரிடம் இதைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்காதீர்கள்.

இதனால்தான் அமெதிஸ்ட் மோதிரம் ரிப்பேருக்கு வந்தால், கல்லைக் கழற்றாமல் நாங்கள் பொடி வைத்து ஊத (நெருப்பில் பற்றவைக்க) மாட்டோம். வெயிலும் இதற்கு ஆகாது. ஒரு அம்மா பதக்கமும் தோடும் செட்டாக வாங்கியவர். தோடு பீரோவில் இருந்தது, பதக்கம் ஜன்னலோரக் கண்ணாடி அலமாரியில் வருஷக்கணக்காக இருந்தது. இரண்டையும் என் மேஜையில் வைத்தார். ஒரே செட் என்று சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும், பதக்கம் அப்படி வெளுத்திருந்தது.

தோடாக வந்தது நல்லது. கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் இது 7. தெருப் புழுதியில் இருக்கும் மணலும் பெரும்பாலும் இதே குவார்ட்ஸ் என்பதால், தினமும் போடும் மோதிரத்தில் பட்டைகளின் விளிம்பு மழுங்கும். காதில் அந்தத் தொல்லை குறைவு.

குரோம்பேட்டை வாசி:

எங்கள் சித்தப்பாவின் குடியை நிறுத்த யாரோ சொன்னார்கள் என்று சித்தி வெள்ளியில் கட்டி ஒரு செவ்வந்திக்கல் மோதிரம் போட்டுவிட்டார். சித்தப்பா மறுப்பே சொல்லவில்லை. மோதிரக் கையாலேயே கிளாஸை எடுத்தார்.

கிரேக்கர்களுக்கும் இதே நம்பிக்கைதான், இந்தக் கல் இருந்தால் போதை ஏறாது என்று. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான பிளினி அதைப் புளுகு என்று எழுதி வைத்துவிட்டார். அப்புறம், மதுக் கடவுள் பாக்கஸ் துரத்திய கன்னி கல்லாக மாறினாள், அவன் அதன்மேல் ஒயினை ஊற்றினான் என்ற கதையை எல்லாரும் கிரேக்கப் புராணம் என்றே பகிர்கிறார்கள். அது ரெமி பெல்லோ என்ற பிரெஞ்சுக் கவிஞர் 1576-ல் கட்டியது.

லண்டன் தமிழச்சி:

இங்கே நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்தில் 'டெல்லி ஊதா நீலக்கல்' என்று ஒன்று இருக்கிறது. பெயரில் இருப்பது எதுவும் சரியில்லை. அது நீலக்கல் இல்லை, அமெதிஸ்ட். கதையும் டெல்லிக் கதை இல்லை, கான்பூர்க் கதை.

1857 கலகத்தின்போது கான்பூரில் ஒரு இந்திரன் கோயிலிலிருந்து கர்னல் பெரிஸ் என்பவர் கொள்ளையடித்து வந்தாராம். அவர் குடும்பம் நொடித்துப்போனது. 1890-ல் எட்வர்ட் ஹெரான்-ஆலன் கைக்குக் கல் வந்தது. கடல்நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர், உமர் கய்யாமை மொழிபெயர்த்தவர், பெரிய படிப்பாளி. அவரும் தொல்லை தாங்காமல் ரீஜண்ட் கால்வாயில் எறிந்திருக்கிறார். தூர் வாரியவர் எடுத்து வியாபாரியிடம் விற்க, மூன்று மாதத்தில் திரும்பி வந்ததாம். ஒரு பாடகிக்குக் கொடுத்தால் அவளுக்குக் குரலே போய்விட்டதாம். கடைசியில் ஏழு பெட்டிக்குள் பெட்டியாக வைத்துப் பூட்டி, 1904-ல் எச்சரிக்கைக் கடிதமும் எழுதினார்: திறப்பவர் முதலில் இதைப் படிக்கட்டும், என் யோசனையைக் கேட்டால் கடலில் எறியட்டும் என்று. அவர் 1943-ல் இறந்தார், மறு வருஷமே மகள் அதை மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இந்திரனுக்குத் தனிக் கோயில் என்ற இடத்திலேயே எனக்கு இடித்தது. அப்புறம்தான் தெரிந்தது, இதே பொருளில் 1921-ல் ஹெரான்-ஆலன் புனைபெயரில் ஒரு கதை எழுதியிருக்கிறார். கதைக்கு மவுசு கூட்ட அவரே கிளப்பிய வதந்தியாக இருக்கலாம் என்று மியூசியத்தில் வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். நேரில் பார்த்தால் பயமெல்லாம் வரவில்லை. ராசிக் குறிகள் பொறித்த வெள்ளி வளையத்துக்குள் ஒரு ஊதாக் கல், அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பெட்டியை விட்டு நகர மனம் வரவில்லை. சாபம் இல்லாவிட்டால் அதன் முன்னால் யார் நிற்கப்போகிறார்கள்!

லண்டன் டவரில் இருக்கும் அரச செங்கோலிலும் ஒரு பெரிய அமெதிஸ்ட் உண்டு. அதற்குக் கீழேயே கல்லினன் என்ற மாபெரும் வைரம் இருப்பதால் யாரும் மேலே பார்ப்பதில்லை.

சென்னிமலைக்காரன்:

ஜமுனியா, பாக்கஸ் என்று தூரம் போகிறீர்கள். எங்கள் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது, பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம். அகழாய்வில் அங்கே கல்மணிப் பட்டறைகளே கிடைத்தன. பச்சைக்கல், சூதுபவளம் எல்லாவற்றோடும் செவ்வந்திக்கல் மணியும் உண்டு. மழை பெய்து ஓய்ந்ததும் காட்டு மண்ணில் மணி பொறுக்குவது சின்ன வயதில் எங்களுக்கு ஒரு விளையாட்டு.

திருப்பூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. பட்டறை அண்ணா, இது அசல்தானா என்று வீட்டில் பார்க்க வழி உண்டா?

கோவை பட்டறை:

கண்ணாடியா கல்லா என்றால் பழகிய கை ஓரளவு சொல்லிவிடும். ஆய்வகத்தில் வளர்த்த அமெதிஸ்ட் என்றால் என் லென்ஸும் தோற்கும். 1970-களிலிருந்தே அது சந்தையில் இருக்கிறது, பொருளும் அதே குவார்ட்ஸ். ஆய்வகத்துக்கு அனுப்பினால் சொல்வார்கள். ஆனால் சின்னத் தோட்டுக் கல்லின் விலையை விடச் சான்றிதழ்ச் செலவு கூட வரும், அதனால் யாரும் அனுப்புவதில்லை. நாத்தனாரிடம் பில் இருக்கும், அதில் இயற்கைக் கல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அனுப்பியவளிடம் பில் கேட்கலாமா என்பது உங்கள் வீட்டு விஷயம், அதில் நான் வரவில்லை.