பாக் சௌ தட்டியதும் இரண்டாவது குத்து உள்ளே வந்துவிடுகிறது, எங்கே தவறுகிறேன்?

பாளையங்கோட்டை மாணவன்:
அனைவருக்கும் வணக்கம். ஒன்றரை ஆண்டுகளாக விங் சுன் என்னும் சீனத் தற்காப்புக் கலையைப் பயின்று வருகிறேன். எதிரில் நிற்பவர் நேராகக் குத்தும்போது பாக் சௌ என்னும் உள்ளங்கைத் தட்டால் அதைத் தட்டிவிட முடிகிறது. ஆனால் தட்டிய கையைத் திரும்பக் கொண்டுவருவதற்குள் அவருடைய மற்றக் கை என் தாடையில் வந்து நிற்கிறது. வேகம் கூடினால் சரியாகும் என்று ஒரு மாதமாக முயன்றும் பயனில்லை. சிறுவயதில் சிலம்பம் கற்றவன் என்பதால், வருகிற அடியை உடலைவிட்டு வெகுதூரம் ஒதுக்கும் பழக்கம்தான் இதற்குக் காரணமோ என்ற ஐயமும் உண்டு.

அம்பாசமுத்திரத்தார்:
தம்பி, உங்கள் வேகத்தில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. அவருடைய கையைத் துரத்திக்கொண்டு போகிறீர்கள் என்றே நினைக்கிறேன். கண்டோனிய மொழியில் 'பாக்' என்றால் தட்டுதல், 'சௌ' என்றால் கை. அந்தப் பெயரைக் கேட்டுவிட்டுக் கொசு அடிப்பதுபோல் பக்கவாட்டில் அடித்துவிடுகிறோம். உள்ளங்கை செல்லவேண்டிய திசை முன்பக்கமே. அவர் வலக்கையால் குத்த, நீங்கள் இடக்கையால் தட்டினால், அந்தக் கை உங்கள் வலத் தோளின் எல்லைக்குப் போகவே கூடாது; போன அளவுக்கு நடுக்கோடு, அதாவது உங்கள் உடலின் நடுவே மேலிருந்து கீழாகப் போகும் கோடு, திறந்து கிடக்கும், இரண்டாவது குத்து வருவதும் அந்த வழியாகத்தான்.

அடுத்து, தொடும் இடத்தைக் கவனியுங்கள். மணிக்கட்டில் தட்டினால் அவர் முழங்கையை மடக்கிக் கையை எளிதாக மீட்டுக்கொள்வார். முழங்கைக்குச் சற்று முன்னால், முன்னங்கையின் தடித்த பகுதியில் உள்ளங்கை படிந்தால், அந்த அழுத்தம் தோள் வழியாக அவருடைய நிற்கும் நிலைவரை சென்று சேரும். அவருடைய வலக்கையே இடக்கைக்குக் குறுக்கே நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தட்டிவிட்டுக் குத்தாதீர்கள். 'லின் சியு தாய் தா' என்று சொல்வது இதைத்தான்: விலக்குவதும் அடிப்பதும் ஒன்றாகவே நடக்கவேண்டும். முழங்கை கீழ்நோக்கி, முஷ்டி நெட்டாக நிற்க, வலக்குத்து அதே நொடியில் புறப்பட வேண்டும். பயிற்சியில் உங்கள் உள்ளங்கை அவர் கையில் படும் ஓசையும், குத்து மார்புக் கவசத்தில் படும் ஓசையும் ஒரே ஓசையாகக் கேட்கிறதா என்று பாருங்கள். எனக்கு அது இரண்டாகவே பல மாதம் கேட்டது.

குத்துவரிசைக்காரன்:
அண்ணாச்சி சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சிலம்பத்தின்மேல் பழி போடுவதற்கு மனம் ஒப்பவில்லை. நெற்றி உயரக் கம்பு விலக்கித்தரும் தூரம் வேறு, ஒரு முழத்துக்குள் நடக்கும் இந்த வேலை வேறு. கம்பில் பழகிய காலடி இங்கே பெரிய சொத்து. விங் சுன்னின் முதல் வரிசையான சியு நிம் தௌவில் கால் பெயர்வதே இல்லை. ஆகவே புதிதாகக் கற்பவர் பலர் நின்ற இடத்திலிருந்தே தட்டப் பார்க்கிறார்கள், முழங்கை எட்டாததால் மணிக்கட்டில்தான் கை விழுகிறது. உள்ளே அரை அடி காலெடுத்து வைத்தால் அண்ணாச்சி சொன்ன இடம் தானாகக் கைக்குக் கிடைக்கும். எட்டாத தூரத்தில் மணிக்கட்டுப் பக்கம் தட்டுவதும் தவறில்லை; 1972இல் மறைந்த விங் சுன் ஆசான் இப் மானிடம் ஹாங்காங்கில் கற்றவர்களின் வழிகளிலேயே இதில் வேறுபாடு உண்டு.

பாளையங்கோட்டை மாணவன்:
இருவருக்கும் நன்றி, அண்ணாச்சி. நேற்று மாலை காலெடுத்து வைத்துப் பார்த்தேன். பத்துக்கு ஆறு முறை இரண்டாவது குத்து வரவில்லை. ஆனால் அவர் கையைச் சட்டென்று பின்னிழுத்துக்கொண்டால், என் உள்ளங்கை வெறுங்காற்றில் நின்றுவிடுகிறது. அப்போது என்ன செய்வது?

அம்பாசமுத்திரத்தார்:
அதற்காகத்தான் சீ சௌ, அதாவது இருவர் கைகளும் ஒட்டியபடியே பழகும் பயிற்சி, இருக்கிறது. வருவதை ஏற்றுக்கொள், போவதை வழியனுப்பு, கை விடுபட்டால் நேரே முன்செல் என்பது விங் சுன்னில் வழிவழியாகச் சொல்லிவரும் வாசகம். அவர் கை விலகியதும் உங்கள் கை தேடக் கூடாது. தட்டிய அந்த இடக்கையே குத்தாக மாறி நடுக்கோட்டில் போகவேண்டும். உள்ளங்கையில் முன்னோக்கிய அழுத்தம் சிறிதளவு எப்போதும் இருந்தால்தான் இது நிகழும். தினமும் பத்து நிமிடம், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் மட்டும் சீ சௌ பழகுங்கள். தோள் இறுகினால் உடனே நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.