சாவி போட்டால் 'டக்', வண்டி மட்டும் எடுக்காது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

முட்டத்துக்காரன்:
என் காரில் பேட்டரி புதுசு. சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு 'டக்'. ஹெட்லைட் கொஞ்சமும் மங்கவில்லை, ஹாரன் தெருவையே எழுப்புகிறது. அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் கிளம்பிய நேரம். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் வண்டியைப் பார்க்காமலே "செல்ஃப் மோட்டார் போச்சு, புதுசு போடணும்" என்று போனிலேயே முடித்துவிட்டார்கள். வள்ளத்து இன்ஜின் வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை திருப்பச் சொல்லிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிற எர்த் வயரின் முனையைத் தொட்டார், கையை வெடுக்கென்று எடுத்தார். "சுடுது மக்கா. செல்ஃப மாத்தாத, எர்த்து அரிச்சுப் போச்சு." ஜம்பர் கேபிளின் ஒரு கிளிப்பை நெகட்டிவிலும் மறு கிளிப்பை இன்ஜினின் வெறும் இரும்பிலும் மாட்டினார். திருப்பினதும் வண்டி எடுத்துவிட்டது. கடலோரத்து உப்புக் காற்றில் அந்த வயர் உள்ளுக்குள் பச்சையாகப் பொடிந்திருந்தது. அந்த ஒர்க்‌ஷாப் பேச்சை நம்பி எத்தனை பேர் நல்ல மோட்டாரைக் கழற்றிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

தக்கலை வாசி:
பேட்டரி புதுசு என்றால் நல்லது என்று அர்த்தமில்லை, முட்டத்து நண்பரே. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணை ஏற்றிய பிறகு வண்டி 'டிக்டிக்டிக்டிக்' என்று விடாமல் அடித்தது. உள் விளக்கும் அதோடு சேர்ந்து துடித்தது. மீட்டர் வைத்தால் 12.5 வோல்ட், எல்லாரும் பேட்டரி சரி என்றார்கள். சித்தப்பா மட்டும் மீட்டரைப் பேட்டரியில் அப்படியே வைத்துக்கொண்டு, "இப்போ திருப்பு" என்றார். முள் 7-க்கு விழுந்தது. உள்ளே ஒரு செல் செத்துக் கிடந்திருக்கிறது. வாரண்டியில் மாற்றித் தந்தார்கள். ஆனால் பட்டுப்புடவையோடு இறங்கி, மாமாவின் ஆட்டோவில் ஏறிப்போன பெண்ணின் முகம் மறக்க மாட்டேன் என்கிறது.

மார்த்தாண்டம் ரப்பர்:
ஒற்றைச் சத்தம் என்றாலே எர்த் என்று முடிவு கட்ட வேண்டாம். மேம்பாலத்தின் மேலே, நல்ல மழை, பின்னால் பஸ் ஹாரன். அதே ஒற்றை 'டக்', அதே பளிச்சென்ற லைட். பின்னால் நின்ற டெம்போ டிரைவர் வீல் ஸ்பேனரோடு இறங்கி, வண்டிக்கடியில் கையை விட்டு மோட்டாரின் உடம்பில் மெதுவாகத் தட்டினார். "இப்போ அடிங்க சார்." எடுத்தது! மறுநாள் பிரித்தால், மோட்டாருக்குள் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்துகிற கார்பன் பிரஷ் தேய்ந்து போயிருந்தது. பிரஷ் மட்டும் மாற்றினேன், மோட்டார் அதுவேதான்.

கோட்டாறு பழைய எலக்ட்ரீசியன்:
ரப்பர் தம்பி சொன்ன தட்டு வீடு வந்து சேர மட்டும்தான். அதையே பழக்கமாக்கினால் ஒருநாள் நடுவழியில் நிறுத்திவிடும். காரணத்தைத் தேடினால் சில நேரம் சின்ன விஷயமாகத்தான் இருக்கும்: என்னிடம் ஒரு டாக்ஸியைக் கட்டி இழுத்து வந்தார்கள், பேட்டரி டெர்மினல் போல்ட்டை முறுக்கினதோடு வேலை முடிந்தது. அந்த டாக்ஸிக்காரர் கும்பிட்ட கும்பிடு கண்ணிலேயே நிற்கிறது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதலில் ஹெட்லைட்டைப் போட்டு சாவியைத் திருப்புங்கள். லைட் செத்துப்போனால் பேட்டரி, அல்லது டெர்மினல். பளிச்சென்று இருந்தால் எர்த், சோலனாய்டு (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் விடுகிற சுவிட்ச்), பிரஷ் பக்கம் போங்கள். மீட்டர் இருந்தால் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் வைத்து, இன்னொருவரைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரில்தான் கோளாறு, வேறெங்கும் தேட வேண்டாம். வண்டி ஓடாமல் ஓய்வில் இருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 ஏறக்குறைய பாதி. திருப்பும்போது 9.6-க்குக் கீழே போனால், சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால் பேட்டரிதான். தக்கலைச் சித்தப்பா செய்ததுதான் சரியான சோதனை.

டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவில் ஸ்பேனர் இருக்கும்போது அது பாடியில் பட்டால் பொறி பறக்கும். ஆப்பச்சோடா கலந்த வெந்நீரால் கழுவி, துடைத்து, முறுக்கி, அதன் பிறகு மேலே வாசலின். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் இருக்கிறவர்கள் இதை அடிக்கடி பார்த்தே ஆக வேண்டும்.

ஆரல்வாய்மொழி காற்று:
அண்ணாச்சி, இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஜம்ப் கொடுப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட்டீர்களே. பேட்டரி இறங்கி நாலுவழிச் சாலையில் நின்றேன். ஒரு லாரிக்காரர் பாவம் பார்த்து நிறுத்தி, கேபிளோடு வந்தார். சிவப்பு கிளிப் என் டெர்மினலுக்கு விரற்கடை தூரம். "அண்ணே, லாரி 24 வோல்ட்!" என்று கத்தி அவர் கையைப் பிடித்தேன். இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்த வண்டி அது, மாட்டியிருந்தால் காரின் கம்ப்யூட்டரே எரிந்திருக்கும். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை, உதவ வந்த மனிதர். அப்புறம் அவரே இன்னொரு காரைக் கைகாட்டி நிறுத்தினார். பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், கறுப்பின் கடைசி முனை என் இன்ஜின் இரும்பில். எடுத்தது.