கொல்லம் 1056-ல் பிறந்தவரைத் தேடுகிறேன்: நெய்யூர், குளச்சல் பக்கத்துக் கோயில் பதிவேடுகள்

கல்குளத்தான்:

வணக்கம். குடும்ப வழிமரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1930-க்குப் பிந்தியது எல்லாம் வீட்டுத் தாள்களிலேயே கிடைத்துவிட்டது. அதற்கு முன்னால் போகத்தான் வழி தெரியவில்லை.

அப்பா வழி கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூருக்குப் பக்கம், இப்போது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). பூட்டன் பெயர் ஞானாபரணம். பழைய வேதப்புத்தகத்தின் முதல் தாளில் "1056 தை" என்று பிறப்பு எழுதியிருக்கிறது, தேதி இல்லை. எங்கள் ஊர்ச் சபையில் இருக்கும் ஞானஸ்நானப் புத்தகம் 1931-ல்தான் தொடங்குகிறது.

அம்மா வழி குளச்சல் பக்கத்துக் கடற்கரை, கத்தோலிக்கர். பூட்டியின் கல்யாணம் 1083 வைகாசி. பங்குக் கோயிலில் எழுதிக் கொடுத்த சான்றில் பெண், மாப்பிள்ளை பெயரும் தேதியும் தவிர ஒன்றும் இல்லை. குறிப்பு என்ற இடத்தில் மட்டும் "இரண்டாம் படி விலக்கு" என்று உள்ளது. அது என்ன?

இந்த ஆண்டுகள் எல்லாம் திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு. அதை ஆங்கில ஆண்டாக்க 825 கூட்டினால் போதும் என்கிறார்கள், சரியா? இலண்டன் மிஷன் ஆவணங்கள் இலண்டனில் இருக்கின்றன என்றும் கேள்விப்பட்டேன். அங்கே எழுதிக் கேட்டால் ஞானஸ்நானப் பட்டியல் கிடைக்குமா?

பழைய சேகரம்:

முதலில் அப்பா வழி. பெயரைத் தேடாதீர்கள், புத்தகத்தைத் தேடுங்கள். 1881-ல் (உங்கள் 1056 தை) உங்கள் ஊர் எந்தச் சபையோடு சேர்ந்திருந்தது என்பதுதான் முதல் கேள்வி. கிளைச் சபை தனிச் சபையாகப் பிரியும்போது புதுப் புத்தகம் தொடங்குவார்கள். பழைய புத்தகம் தாய்ச் சபையிலேயே தங்கிவிடும். உங்கள் சபைப் புத்தகம் 1931-ல் தொடங்குகிறது என்றால், அதற்கு முந்தியது தொலைந்தது என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த ஆண்டையொட்டித் தனிச் சபையானதா என்று ஆலயக் கல்வெட்டிலும் ஆண்டுவிழா மலரிலும் பாருங்கள். ஆனால் மலரில் உள்ளது ஒரு சாட்சி மட்டுமே, முடிவு இல்லை. பல மலர்கள் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியவை.

ஆட்சி மாறிய வரிசையும் தெரிந்திருக்க வேண்டும். இலண்டன் மிஷனின் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் வேலை தொடங்கியது 1806. பின்னால் வந்த மிஷனரி மீட் 1828-ல் நெய்யூரை மையமாக்கினார். அங்கிருந்து 1908 வரை இலண்டன் மிஷன், பிறகு தென்னிந்திய ஐக்கிய சபை, 1947 செப்டம்பர் 27 முதல் சி.எஸ்.ஐ., கன்னியாகுமரி பேராயம் தனியாக வந்தது 1959-ல். புத்தகத்தின் அட்டையில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதை வைத்தே அது ஏறக்குறைய எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம். தாய்ச் சபை அலுவலகம், சேகர (பல சபைகள் சேர்ந்த போதகர் வட்டம்) அலமாரி, போதகர் வீடு, பேராய அலுவலகம் என்ற வரிசையில் கேளுங்கள். வாயால் கேட்பதைவிட ஒரு பக்கக் கடிதமாகக் கொடுங்கள்: யாருடைய பதிவு, எந்த ஐந்தாண்டு, என்ன காரணம், படம் எடுக்கலாமா. "எல்லாப் புத்தகத்தையும் காட்டுங்கள்" என்று போய் நின்றால் எந்தச் சபைச் செயலாளரும் தயங்குவார்.

1881-ல் பிறந்தவருக்கு 1881-ல் ஞானஸ்நானம் ஆகியிருக்கும் என்று நம்பி ஒரே ஆண்டைப் புரட்ட வேண்டாம். இலண்டன் மிஷனில் ஆராதனைக்கு வருகிறவர், ஞானஸ்நானம் பெற்றவர், இராப்போஜனத்துக்கு (திருவிருந்துக்கு)ச் சேர்க்கப்பட்டவர் என்று மூன்று படி உண்டு. ஆண்டறிக்கைக் கணக்கும் அப்படித்தான் பிரித்துக் காட்டும். பெற்றோர் முதற்படியிலேயே பல வருடம் இருந்திருக்கலாம். அப்படியானால் குழந்தை, அப்பா, அம்மா மூவரும் ஒரே நாளில் அடுத்தடுத்த வரிகளில் வருவார்கள். 1881 முதல் குறைந்தது பத்து, பதினைந்து வருடமாவது பாருங்கள். பெரியவர்கள் பதிவில் வயது 30, 35, 40 என்று முழு எண்ணாகவே இருந்தால் அது மதிப்பு, கணக்கு அல்ல. பழைய பெயர் எழுதியிருந்தால் அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய துப்பு. அதைத் தவறவிடாமல் எழுத்து எழுத்தாகப் படியெடுங்கள்.

ஞானாபரணம் என்ற பெயரை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. ஒரே சபையில் ஒரே தலைமுறையில் நாலு ஞானாபரணம், மூன்று மாசிலாமணி இருப்பது சாதாரணம். கல்குளம், விளவங்கோடு பக்கம் ஆளைப் பிரித்துக் காட்டுவது வீட்டுப்பெயரும், வீடு இருக்கும் நிலத்தின் பெயரான விளைப்பெயரும்தான். புத்தன்வீடு, மேலேவீடு போன்றவை பல ஊரிலும் உண்டு என்பதால் விளைப்பெயரோடு சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய ஆதாரங்களில், அதாவது நிலப் பத்திரங்களில், அந்தப் பெயர்கள் இருக்கும். திருவிதாங்கூர்க் காலத்து ஆதாரம் மலையாளத்தில் இருந்தால் மலையாள எழுத்து படிக்கிற ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பழைய பதிவில் திடீரென்று ஓர் ஆங்கிலேயப் பெயர் வந்தால் வெள்ளைக்காரத் தொடர்பு என்று கதை கட்டாதீர்கள். மிஷன் விடுதிப் பிள்ளைகளுக்கும் சபை ஊழியர்களுக்கும் இங்கிலாந்தில் இருந்து பணம் கொடுத்து உதவியவர்களின் பெயரை வைக்கும் வழக்கம் இருந்தது. அதே ஆள் ஊர்ப் பதிவில் தமிழ்ப் பெயரிலும், மிஷன் அறிக்கையில் ஆங்கிலப் பெயரிலும் வரலாம்.

இலண்டனைப் பற்றி: மிஷனின் ஆவணங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில் உள்ளன. அங்கே இருப்பது மிஷனரிகள் தலைமையகத்துக்கு எழுதிய கடிதம், நாட்குறிப்பு, ஆண்டறிக்கை. ஊர்வரலாறு எழுதுகிறவருக்கு அது புதையல்: எந்த ஆண்டு எந்த ஊரில் பள்ளி, எங்கே கொள்ளைநோய், 1860-61 பஞ்சத்தில் என்ன நடந்தது, எல்லாம் வரும். ஞானஸ்நானப் புத்தகம் அந்தந்தச் சபையின் சொத்து, அது இங்கேதான். வழிமரம் தேட உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் தமிழ்நாட்டுப் புரொட்டஸ்டன்ட் பதிவுகள் என்று உள்ள தொகுப்பு மெட்ராஸ் பேராயத்துடையது, அதில் நெய்யூரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள மெட்ராஸ் மாகாணத் திருச்சபைப் பதிவுகளும் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் பற்றியவை. நாம் அன்று மாகாணத்தில் இல்லை, திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்காரர்கள்.

கரைமடி:

அம்மா வழிக்கு நான் சொல்கிறேன். உங்களுக்குக் கிடைத்தது சான்று, பதிவு அல்ல. சான்றுப் படிவத்தில் கேட்ட இடங்களை மட்டும் நிரப்பித் தருவார்கள். பங்குத்தந்தையிடம் "முழு வரியையும் ஓரக்குறிப்போடு பார்க்க வேண்டும்" என்று தெளிவாகக் கேளுங்கள். சாட்சிகள், பெற்றோர் பெயர், ஊர், மூன்று ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசித்தார்களா அல்லது ஓலைக்கு விலக்குக் கொடுத்தார்களா என்பதெல்லாம் மூலத்தில்தான் இருக்கும்.

அந்த "இரண்டாம் படி விலக்கு" சாதாரணக் குறிப்பு இல்லை, அதுவே ஒரு வழிமரத் துண்டு. திருச்சபைச் சட்டப்படி நெருங்கிய உறவில் திருமணம் தடை. முறைப்பெண், முறைமாப்பிள்ளை கட்டுவது நம் வழக்கம். ஆகவே விலக்கு வாங்கி, அதைப் பதிவில் எழுதுவார்கள். பழைய கணக்கில் இரண்டு பேருக்கும் பொதுவான முன்னோரிடமிருந்து எத்தனை தலைமுறை இறங்கி வருகிறோம் என்று ஒரு பக்கம் மட்டும் எண்ணுவார்கள். இரண்டாம் படி என்றால் தாத்தா பாட்டி பொது, அதாவது மாமன் மகள், அத்தை மகன். மூன்றாம் படி என்றால் பூட்டன் பொது, நான்காம் படி என்றால் அதற்கும் ஒரு தலைமுறை மேலே. 1918-க்கு முன் நான்காம் படி வரை தடை இருந்ததால் அதுவரை எழுதப்பட்டிருக்கும். 1918 முதல் மூன்றாம் படி வரைதான். 1983 நவம்பர் 27-க்குப் பிறகு எண்ணும் முறையே மாறி இரண்டு பக்கமும் சேர்த்து எண்ணுகிறார்கள். இன்றைய "நான்காம் படி"தான் அன்றைய இரண்டாம் படி. இதைக் கலந்துவிட்டால் மரம் ஒரு கிளை தப்பிப் போகும். உங்கள் விஷயத்தில் 1083 வைகாசி, அதாவது 1908 திருமணம், பழைய கணக்கு. ஆகப் பூட்டன், பூட்டி இருவருக்கும் ஒரு பக்கத்துத் தாத்தா பாட்டி ஒன்றே. நீங்கள் தேட வேண்டிய குடும்பம் ஒன்று குறைந்தது.

ஒரு எச்சரிக்கை: கல்யாணத்தால் வரும் சம்பந்த உறவுக்கும் அன்று இதே படிக்கணக்குத்தான். இறந்துபோன முதல் மனைவியின் உறவுப் பெண்ணைக் கட்டினாலும் விலக்கு வேண்டியிருந்தது. மாப்பிள்ளை பெயரோடு "மனைவி இழந்தவர்" என்று இருந்தால் மூலத்தில் எந்த உறவுக்கு விலக்கு என்ற சொல்லைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது பூட்டியின் ஞானஸ்நானப் பதிவு. திருமணம் ஆனால் அதை ஞானஸ்நானப் புத்தகத்தின் ஓரத்தில் எழுத வேண்டும் என்ற விதி 1908 உயிர்ப்புத் திருநாள், ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் தேதி வைகாசி, அதற்குப் பிந்தியது. சாமியார் ஒழுங்கானவராக இருந்தால் பூட்டியின் பதிவு ஓரத்தில் மாப்பிள்ளை பெயரும் கோயிலும் இருக்கும், ஒரே பெயரில் பலர் இருந்தால் இவர்தான் என்று உறுதி செய்ய அது போதும். புது விதி என்பதால் விடுபட்டிருக்கவும் கூடும். ஓரம் வெறுமையாக இருந்தால் ஆள் அவரில்லை என்று தள்ளிவிட வேண்டாம்.

பதிவு இலத்தீனில் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, ஒரே வாய்பாடு திரும்பத் திரும்ப வரும். நாத்துஸ், நாத்தா என்றால் பிறந்தவன், பிறந்தவள். ஃபிலியுஸ் மகன், ஃபிலியா மகள். பத்ரினுஸ் தலைதொட்டப்பன் (ஞானத்தந்தை), மத்ரினா தலைதொட்டம்மை (ஞானத்தாய்). தலைதொட்டவர்கள் பெயரை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மாமனோ அத்தையோதான். "சுப் கொந்திசியோனே" என்று கண்டால் நிபந்தனையோடு கொடுத்த ஞானஸ்நானம்: முன்பே கொடுத்தது செல்லுமா என்று சந்தேகம் இருந்தால் அப்படிக் கொடுப்பார்கள். குழந்தை பிழைக்காது என்று பயந்து வீட்டில் மருத்துவச்சியோ உபதேசியாரோ தண்ணீர் ஊற்றியிருந்தால் பிறகு கோயிலில் மீதிச் சடங்கு நடக்கும். அப்போது ஒரே குழந்தைக்கு இரண்டு தேதி வரும். இரட்டைப் பிள்ளை என்று எழுதிவிடாதீர்கள்.

குடும்பவாரிக் கணக்குப் புத்தகம் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். வீடுவீடாக எல்லார் பெயரும் வயதும் ஒரே பக்கத்தில் இருக்கும், பத்து ஞானஸ்நானப் பதிவு சேர்ந்து சொல்வதை அது ஒன்றே சொல்லிவிடும். ஆனால் இது பலமுறை திருத்தி எழுதப்படுவது, தேதிக்கு அதை நம்ப வேண்டாம்.

மறைமாவட்டமும் பாருங்கள். கோட்டாறு மறைமாவட்டம் 1930-ல்தான் கொல்லத்திலிருந்து பிரிந்தது. 1908 விலக்குக்கு அனுமதி கொடுத்த இடம் கோட்டாறு அல்ல, அது தொடர்பான கடிதம் இருந்தால் கொல்லம் பக்கம்தான் தேட வேண்டும். 2014-ல் குழித்துறை தனியாகப் பிரிந்தது, மேற்குப் பக்கத்து உறவினர்களைத் தேடும்போது அது நினைவிருக்கட்டும்.

"நாங்கள் சவேரியார் காலத்துக் கிறிஸ்தவர்கள், அந்தப் பதிவு எங்கே" என்று சிலர் கேட்பதுண்டு. 1544-ல் அவர் இந்தக் கரையில் ஞானஸ்நானம் கொடுத்தது உண்மை. ஆளுக்கொரு பெயரை எழுதிக் கையில் கொடுத்ததாக அவர் கடிதங்களில் வருகிறது. எல்லாப் பங்கிலும் புத்தகம் வைக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் சொன்னதே 1563-ல்தான். அந்தக் காலத்துப் பெயர்ப் பட்டியலைப் பங்கு அலமாரியில் எதிர்பார்க்காதீர்கள்.

ஏடும் எழுத்தும்:

825 கணக்கு வருடத்தின் ஒரு பகுதிக்குத்தான் சரி. நம் பக்கம் கொல்லம் ஆண்டு பிறப்பது ஆவணி ஒன்று. ஆவணி முதல் மார்கழி நடு வரை, அதாவது டிசம்பர் 31 வரை, 824 கூட்ட வேண்டும். ஜனவரி 1 முதல் ஆடி முடியும் வரை 825. "1056 தை" என்றால் 1881 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள். "1083 வைகாசி" 1908 மே, ஜூன். 1083 ஐப்பசி என்று இருந்தால் அது 1907. சந்தேகம் வந்தால் தொண்ணூற்றொன்பது வெள்ளத்தை வைத்துச் சரிபாருங்கள்: 1099 ஆடி, 1924 ஜூலை. மார்கழி மட்டும் இரண்டாகப் பிரியும், அங்கே தேதி தெரியாமல் ஆண்டை முடிவு செய்யாதீர்கள்.

பழைய கையெழுத்தில் எண்கள் தமிழ் எண்ணாக இருக்கலாம். 1056 என்பது ௲௫௰௬. சுழியம் இல்லை, ஆயிரம், பத்து எல்லாம் தனிக் குறி. ௧, ௨, ௭, ௮ நான்கும் க, உ, எ, அ போலத் தெரியும் என்பதால் பெயரின் முதலெழுத்து என்று நினைத்துத் தாண்டிவிடுவோம். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம். புள்ளி வைக்காமல் எழுதுவதும், எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு காட்டாததும், துணைக்காலும் ர-வும் ஒன்றுபோல இருப்பதும் சகஜம். தெரிந்த ஒரு பெயரை அதே பக்கத்தில் கண்டுபிடித்து, அந்தக் கை எப்படி எழுதுகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு தெரியாததைப் படியுங்கள்.

புத்தகத்தைக் கையாள்வது பற்றி யாரும் சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் போகாதீர்கள், தாள் ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். மாசி, பங்குனி நல்லது. ஒட்டிய தாளைப் பிரிக்க நகத்தை விடக்கூடாது, அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். மை அரித்த பக்கத்தைத் திருப்பும்போது அடியில் ஒரு தடித்த அட்டை கொடுங்கள். விரலில் எச்சில் வேண்டாம். செல்லோடேப் ஒட்டித் தருகிறேன், லேமினேஷன் செய்து தருகிறேன் என்று நல்லெண்ணத்தில் செய்வதுதான் கரையானைவிடப் பெரிய கேடு. டேப்பின் பசை சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும், லேமினேஷனைத் திரும்பப் பிரிக்க வழியே இல்லை.

படம் எடுக்க ஃபோன் போதும். ஃபிளாஷை அணைத்துவிட்டுச் சன்னல் வெளிச்சத்தில், தாளுக்கு நேர் மேலே பிடியுங்கள். முதலில் அட்டை, பிறகு முதல் பக்கம், பிறகு வேண்டிய பக்கம் முழுதாக, கடைசியில் அந்த வரி மட்டும் நெருக்கமாக. வரியை மட்டும் எடுத்து வந்தால் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று ஆறு மாதத்தில் உங்களுக்கே தெரியாது. மற்றவர் வீட்டுப் பதிவுகளும் அந்தப் பக்கத்தில் இருக்கும், குறிப்பாகச் சாதி, பிறப்பு பற்றிய குறிப்புகள். அதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஒருவர் போட்டால் அடுத்து வருகிறவருக்கு அலமாரி திறக்காது.

கல்லறைத் தோட்டத்தையும் பாருங்கள், ஆனால் நவம்பர் 2-க்கு முன்பே. கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பும் பெயின்டும் அடித்துவிட்டால் மேலோட்டமாக வெட்டிய எழுத்து நிரம்பிவிடும். காலையில் ஏழு, எட்டு மணிக்குச் சாய்ந்த வெயிலில் எழுத்து நிழல் விழுந்து தெரியும். எழுத்தில் சாக்பீஸ் பொடியோ மாவோ தேய்க்க வேண்டாம், கல்லைச் சுரண்டவும் வேண்டாம்.

கல்குளத்தான்:

மிக்க நன்றி. கரைமடி, ஒரு சந்தேகம்: பூட்டனும் பூட்டியும் வேறுவேறு பங்கு. யார் பங்கில் முதலில் கேட்பது?

கரைமடி:

பெண்ணின் பங்கில். திருமணம் வழக்கமாக அங்கேதான் நடக்கும், அவருடைய ஞானஸ்நானப் பதிவும் அங்கேதான் இருக்க வாய்ப்பு. மாப்பிள்ளை பங்கில் ஓலை வாசித்த குறிப்பும், 1908-க்குப் பின் பிறந்த பிள்ளைகளின் ஞானஸ்நானமும் இருக்கும். முதல் பிள்ளையின் தலைதொட்டவர்கள் யாரென்று பார்த்தீர்களானால் இரண்டாம் படி எந்தப் பக்கத்து உறவு, மாமன் வழியா அத்தை வழியா என்பதற்கு ஒரு துப்பு கிடைக்கலாம்.