பயிற்சியின்போது அடங்கும் மனம் பிறகு ஏன் கலைகிறது?

கேள்வி — தொடக்கநிலை மாணவன்

மூன்று ஆண்டுகளாக நாள்தோறும் காலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் யோகப் பயிற்சி செய்து வருகிறேன். சூரிய நமஸ்காரம், சில ஆசனங்கள், நாடி சுத்திப் பிராணாயாமம், இறுதியில் கால் மணி நேரம் கண்மூடி அமர்தல் என்பது என் வழக்கம். அந்த ஒரு மணி நேரத்தில் மனம் உண்மையாகவே அடங்குகிறது. ஆனால் பணிக்குச் சென்றபின் எவரேனும் ஒரு சொல்லைக் கடுமையாகச் சொல்லிவிட்டால், ஒருநாளும் விரிப்பில் அமராதவனைப் போலக் கொதித்துவிடுகிறேன். கண்மூடி அமர்ந்திருக்கும்போது வீட்டில் யாராவது கதவைத் தட்டினால்கூட எனக்கு எரிச்சல் வருகிறது. அமைதிக்காக அமர்ந்த இடத்திலேயே கோபம் பிறப்பதைப் பார்க்கும்போது, இத்தனை நாள் செய்தது என்ன என்ற ஐயம் எழுகிறது.

என் கேள்விகள் இரண்டு. சித்த விருத்தி நிரோதம் என்று யோக சூத்திர நூலில் பதஞ்சலி சொல்வது எண்ணங்களை அடக்குவதைத்தானா? நான் அப்படித்தான் புரிந்துகொண்டு, எழும் எண்ணம் ஒவ்வொன்றையும் தள்ளிக்கொண்டே இருக்கிறேன். எழுந்திருக்கும்போது பல நாள்களில் தலை கனக்கிறது. அடுத்து, பயிற்சி நேரத்தைக் கூட்டினால் இந்த நிலை மாறுமா?

மறுமொழி 1 — சூத்திர வாசகர்

வணக்கம். முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் தலைக்கனம் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நிரோதம் என்பதைத் தமிழில் தரும்போது 'மன அலைகளை அடக்குதல்' என்று பலரும் எழுதிவிடுகிறோம். அடக்குதல் பிறவினை, அதற்கு அடக்குபவர் ஒருவர் வேண்டும், அடக்கப்படுவது ஒன்று வேண்டும். அடக்க முனையும் 'நான்' என்ற எண்ணமும் மனத்தில் எழுந்த அலைதான் என்பதால், ஓர் அலையைக் கொண்டு மற்றோர் அலையை அமுக்கும் ஓயாத வேலையாக அது முடிகிறது. அடங்குதல் தன்வினை. கொள்ளி விறகை இழுத்துவிட்டால் கொதி தானே அடங்குவதைப் போல, ஊட்டம் நின்ற விருத்தி, அதாவது மன அலை, அடங்குகிறது. நூலின் போக்கோடு இந்த இரண்டாவது பொருளே பொருந்துகிறது என்பது என் துணிபு. நூலின் மூன்றாம் பாதத்தில், அதாவது மூன்றாம் பகுதியில், நிரோதம் ஒரு பரிணாமமாகவே, படிப்படியான மாற்றமாகவே, விளக்கப்படுகிறது: கிளர்ச்சியின் சம்ஸ்காரங்கள் தணிய, ஒடுக்கத்தின் சம்ஸ்காரங்கள் மேலெழுகின்றன; அந்தப் பதிவுகள் வலுப்பட வலுப்படத்தான் சித்தத்தில் அமைதியான ஓட்டம் உண்டாகிறது. ஓர் அமர்வில் மல்லுக்கட்டிப் பெறக்கூடியதாக அது அங்கே பேசப்படவில்லை.

விருத்தி என்றால் கெட்ட எண்ணம் என்று கொள்ளவும் வேண்டாம். பதஞ்சலி எண்ணும் ஐந்து விருத்திகளில் பிழையான அறிவும் கற்பனையும் இருப்பதைப் போலவே, சரியான அறிவும் உறக்கமும் நினைவும் இருக்கின்றன. அவற்றில் துன்பம் விளைப்பவையும் உண்டு, விளைக்காதவையும் உண்டு என்றே அவர் பிரிக்கிறார். ஆகவே வரும் எண்ணம் ஒவ்வொன்றையும் பகையாகக் கருதித் துரத்துவதற்கு நூலில் இடமில்லை.

இனி, காலையில் அடங்கியது பகலில் ஏன் எழுகிறது என்பது. இரண்டாம் பாதத்தில் மனத்தை வருத்தும் கிலேசங்கள் ஐந்து கூறப்படுகின்றன: அவித்தை (அறியாமை), அஸ்மிதை ('நான்' என்ற முனைப்பு), ராகம் (விருப்பு), துவேஷம் (வெறுப்பு), அபிநிவேசம் (உயிர்வாழ்வின்மேல் பற்று). இவை எப்போதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. உறங்கியும், மெலிந்தும், இடையறுந்தும், முழுவீச்சில் விரிந்தும் நான்கு நிலைகளில் இருக்கும் என்கிறது அந்நூல். என் வாசிப்பில் இதைவிடப் பயன்பட்ட சூத்திரம் குறைவு. உங்கள் கோபம் காலைப் பயிற்சியில் உறங்கியோ இடையறுந்தோ கிடக்கிறது, இன்னும் மெலியவில்லை. உறங்குவதை எழுப்ப ஒரு கடுஞ்சொல் போதும். மெலியச் செய்வதற்கென்றே தவம், சுவாத்தியாயம், ஈசுவரப் பிரணிதானம் என்ற மூன்றும் சேர்ந்த கிரியா யோகத்தைப் பதஞ்சலி அப்பாதத்தின் தொடக்கத்தில் வைக்கிறார். அதில் தன்னைத் தானே கற்பதும், செயலின் பயனை ஒப்படைத்துவிடுவதும் அடக்கம். அவை விரிப்போடு முடிந்துவிடக்கூடியவை அல்ல.

கதவு தட்டப்படும்போது வரும் எரிச்சலைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதுதான் இந்தக் கேள்வியின் மையம் என்று நினைக்கிறேன். விருத்திகள் அடங்க அப்பியாசம் (தொடர் பயிற்சி), வைராக்கியம் (பற்றின்மை) என்ற இரண்டும் வேண்டும் என்பது முதல் பாதத்தின் தீர்ப்பு. அந்நூலுக்கு வியாசர் எழுதிய உரை இவ்விடத்தில் சித்தத்தை இருபுறமும் ஓடும் ஓர் ஆறாகச் சொல்கிறது. புறப்பொருள்களை நோக்கிப் பாயும் ஓட்டத்தை வைராக்கியம் அணையிட்டுத் தடுக்கிறது, விவேகத்தை நோக்கிய ஓட்டத்தை அப்பியாசம் திறந்துவிடுகிறது. மூன்று ஆண்டுகள் இடைவிடாமல் வாய்க்கால் வெட்டியிருக்கிறீர்கள்; அணையில் கை வைக்கவில்லை. வைராக்கியம் என்றதும் செல்வத்தையும் சுவையையும் துறப்பதைத்தான் நினைக்கிறோம். நீங்கள் பற்றிக்கொண்டிருக்கும் பொருள் அந்தக் காலை அமைதியே. இன்பத்தைத் தொடர்ந்து செல்வது ராகம், துன்பத்தைத் தொடர்ந்து செல்வது துவேஷம் என்பது சூத்திரத்தின் வரையறை. இனிதாக இருந்த அமைதியின் மேல் ராகமும், அதைக் கலைத்தவர் மேல் துவேஷமும் ஒரே நொடியில் பிறக்கின்றன. அமைதியை உடைமையாக்கிக்கொண்டால் அதைப் பறிப்பவர்களும் உண்டாகிவிடுவார்கள்.

மறுமொழி 2 — ஆசனப் பயிற்சியாளர்

முந்தைய மறுமொழியோடு உடன்படுகிறேன். பயிற்றுவிப்பவரின் பக்கத்திலிருந்து சில சொல்ல விரும்புகிறேன்.

நேரத்தைக் கூட்ட வேண்டாம். தலைக்கனம் இருக்கும்வரை எதையும் கூட்ட வேண்டாம். யோக சூத்திரத்தில் ஆசனத்துக்கென்று இருப்பவை மூன்றே சூத்திரங்கள். நிலையாகவும் சுகமாகவும் இருப்பது ஆசனம் என்கிறது முதலாவது. அதன் நிறைவு முயற்சியைத் தளர்த்துவதாலும் முடிவிலாத ஒன்றில் மனம் தோய்வதாலும் வரும் என்கிறது அடுத்தது. அப்போது வெப்பம், குளிர் போன்ற இருமைகளால் தாக்குண்ணாமை என்கிறது மூன்றாவது. மாணவர்கள் முதலாவதில் 'நிலை' என்பதைப் பிடித்துக்கொண்டு தாடையை இறுக்குவதைத்தான் நான் வகுப்பில் நாள்தோறும் பார்க்கிறேன். அமர்ந்திருக்கும்போது உங்கள் நாக்கின் அடி, நெற்றி, வயிறு ஆகிய மூன்றையும் ஒருமுறை கவனியுங்கள். எண்ணத்தைத் தள்ளும் வேலை இந்த மூன்று இடங்களிலும் தசை இறுக்கமாகத் தெரியும்.

மூச்சைப் பற்றி: நாடி சுத்தியில் மூச்சை உள்ளே நிறுத்துகிறீர்களா என்று எழுதவில்லை. திருமந்திரத்தில் பூரகம் (உள்ளிழுத்தல்) 16, கும்பகம் (உள்ளே நிறுத்தல்) 64, இரேசகம் (வெளிவிடுதல்) 32 என்ற மாத்திரைக் கணக்கு, அதாவது கால அளவு, வருகிறது. அதை ஏட்டில் படித்துவிட்டுத் தாமே முயன்று, தலைவலியோடும் படபடப்போடும் வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அது ஆசிரியரின் கண்காணிப்பில் படிப்படியாக ஏறவேண்டிய கணக்கு. இப்போதைக்குக் கும்பகத்தை விட்டுவிட்டு, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதைச் சற்று நீட்டுங்கள். 4 எண்ணும் நேரம் இழுத்தால் 6 எண்ணும் நேரம் விடலாம். வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு இயல்பாகவே மெதுவாகிறது. ஓய்வு நிலைக்கு உடலை அழைத்துச் செல்லும் நரம்புகளின் வேலை அது. மூச்சை வெளியேற்றுவதாலும் தாங்குவதாலும் சித்தம் தெளியும் என்று பதஞ்சலி கூறுவதை உடல் வழியாக உறுதிசெய்துகொள்ள இது எளிய வழி.

பயிற்சி முடிந்தவுடன் துள்ளி எழுந்து பகலுக்குள் ஓடுவதையும் நிறுத்துங்கள். சவாசனத்துக்குப் பிறகு பக்கவாட்டில் திரும்பி, எழுந்து, அடுத்த வேலைக்குக் கை நீட்டும் முன் அதே மூச்சின் அளவில் சில நிமிடங்கள் இருங்கள். விரிப்பைச் சுருட்டும்போதும் அந்த மூச்சு தொடர்கிறதா என்று பாருங்கள். பலருக்கு அந்த இடத்திலேயே அறுந்துபோகும்.

மறுமொழி 3 — கீதை மாணவி

முதல் மறுமொழியில் ஒரு பகுதியை மட்டும் மறுக்க விரும்புகிறேன். 'அடங்குதல்' என்பதை அழகாக விளக்கியிருக்கிறீர்கள் ஐயா. ஆனால் அதை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் முயற்சியே தேவையில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், மனத்தைப் பிடிப்பது காற்றைப் பிடிப்பதைப் போல் அரிது என்று அர்ஜுனன் முறையிடும்போது, கண்ணன் அதை மறுக்கவில்லை. ஐயமில்லாமல் அரிதுதான், எனினும் அப்பியாசத்தாலும் வைராக்கியத்தாலும் வசப்படும் என்கிறான். அதற்குச் சற்று முன்பே, நிலையற்ற மனம் எங்கெங்கே ஓடுகிறதோ அங்கங்கேயிருந்து அதைத் திருப்பிக் கொண்டுவரவேண்டும் என்கிறான். கொண்டுவருதல் ஒரு செயல். அதைச் செய்ய ஒருவர் வேண்டும்.

இன்னொன்று. வியாசர் சித்தத்தின் ஐந்து நிலைகளைச் சொல்லும்போது மூடம் என்று ஒன்றைக் குறிக்கிறார். மந்தத்தில் அமிழ்ந்த மனம் அது. வெளியிலிருந்து பார்த்தால் அமைதியைப் போலவே இருக்கும். கேள்வி கேட்ட நண்பர், அந்தக் கால் மணி நேரத்தில் தம் மனம் தெளிந்திருக்கிறதா, மங்கியிருக்கிறதா என்று நேர்மையாகப் பார்க்க வேண்டும். தெளிந்திருந்தால், கதவு தட்டப்படும் ஒலி ஒலியாகக் கேட்கும். மங்கியிருந்தால், உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவரின் சிடுசிடுப்புத்தான் வரும். எனக்கு முதல் இரண்டு ஆண்டுகளும் இரண்டாவதாகவே கழிந்தன.

மறுமொழி 1-இன் தொடர்ச்சி — சூத்திர வாசகர்

ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. நிலைபெறுவதற்கான முயற்சியே அப்பியாசம் என்றும், அது நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்யப்பட்டால்தான் உறுதியான தரையாகும் என்றும் பதஞ்சலியே சொல்கிறார். முயற்சி எதைத் தள்ளுவதில் செல்கிறது, எங்கே திரும்புவதில் செல்கிறது என்பதை நான் பிரித்து எழுதியிருக்க வேண்டும். திரும்பி வருவதற்கு முயற்சி வேண்டும். எண்ணத்தோடு சண்டையிடுவதற்கு வேண்டியதில்லை.

மறுமொழி 4 — பெயர் தர விரும்பாதவர்

சுருக்கமாக ஒன்று. நான் கடும் மனப்பதற்றத்தில் இருந்த காலத்தில், அமைதி வரும் என்று நம்பி நீண்ட நேரம் கண்மூடி அமர்ந்தேன். பதற்றம் கூடியது, உறக்கம் கெட்டது. தொடர்ந்து செய்தால் சரியாகும் என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னார், மாதங்கள் வீணாயின. மருத்துவம் தொடங்கிய பிறகே என்னால் மீண்டும் அமர முடிந்தது, அதுவும் கண் திறந்தபடி, குறைந்த நேரம். யோகத்தின் தடைகள் ஒன்பதைச் சொல்லும் சூத்திரம் நோயைத்தான் முதலில் வைக்கிறது. உங்களுக்கு அப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் தலைக்கனத்தோடு உறக்கமின்மையோ காரணமற்ற அச்சமோ சேர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். அதைப் பயிற்சியின் தோல்வியாக எண்ணாதீர்கள்.

கேட்டவரின் மறுமொழி — தொடக்கநிலை மாணவன்

அனைவருக்கும் நன்றி. உறக்கம் நன்றாகவே இருக்கிறது, அச்சமும் இல்லை. கும்பகம் செய்துவந்தேன் என்பதை எழுத மறந்துவிட்டேன். இந்த மூன்று வாரங்களாக அதை நிறுத்தி, வெளிமூச்சை நீட்டியதில் தலைக்கனம் பெரும்பாலும் போய்விட்டது. அமர்ந்திருக்கும்போது நாக்கின் அடி கல்லாக இறுகியிருந்ததை இப்போதுதான் கண்டேன். கதவு தட்டப்பட்டால் எழுந்து போய்த் திறந்துவிட்டு வந்து அமர்கிறேன். அது எனக்குப் பெரிய மாற்றம். பணியிடத்தில் மட்டும் இன்னும் கோபம் வருகிறது, வந்து வெகு நேரம் கழித்தே வந்தது தெரிகிறது. வந்துவிட்ட பிறகு செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

மறுமொழி — ஆசனப் பயிற்சியாளர்

உண்டு. சித்தம் சிதறும்போது துயரமும் மனச்சோர்வும் உடல் நடுக்கமும் ஒழுங்கற்ற மூச்சும் உடன் வரும் என்று முதல் பாதத்திலேயே இருக்கிறது. ஆகவே கோபத்தைத் தேடாதீர்கள், மூச்சைத் தேடுங்கள். கோபம் வந்திருப்பது மனத்துக்குத் தெரியும் முன்பே மூச்சு மேலேறியிருக்கும், நாக்கின் அடி இறுகியிருக்கும். இப்போது அந்த இடம் உங்களுக்குப் பழக்கமாகிவிட்டதால் கண்டுபிடிப்பது எளிது. கண்டவுடன் ஒரு நீண்ட வெளிமூச்சு, அதன் பிறகே மறுமொழி. சொல்லிவிட்ட பிறகே நினைவு வந்தால், அப்போதும் அந்த ஒரு மூச்சை விடுங்கள். வருந்திக்கொண்டு இருக்க வேண்டாம்.

தீய எண்ணம் வருத்தும்போது அதன் எதிரிணையைப் பாவிக்கச் சொல்லும் பிரதிபட்ச பாவனை இதற்கு அடுத்த படி. அதைக் கொதிப்பின் நடுவே முயலாதீர்கள்; அன்று மாலை, கடுமையாகப் பேசியவரை நினைத்துக்கொண்டு, இந்தக் கோபத்தைத் தொடர்ந்தால் அவருக்கும் எனக்கும் என்ன விளையும் என்று ஐந்து நிமிடம் எண்ணிப் பாருங்கள். கோபம் எத்தனை முறை வந்தது என்று கணக்கு வைக்க வேண்டாம். அது வந்ததற்கும் நீங்கள் கண்டதற்கும் இடையே உள்ள நேரத்தை மட்டும் கவனித்து, ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். கால் மணி நேர அமர்வை அதுவரை நீட்ட வேண்டாம்.