பதிவேட்டில் விடுபட்ட பதக்கம்: உங்கள் வீட்டிலும் நடந்ததா?

வெள்ளவத்தை மூத்தமகள்:

ஆமியில் இருந்தவர்களின் பிள்ளைகள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால் ஆரம்பத்திலிருந்து விளக்கவில்லை. அப்பா 1957இல் சேர்ந்தவர், 1979இல் பென்ஷனோடு வந்தவர். பதக்கங்கள் 83 ஜூலையில் வீட்டோடு போய்விட்டன. சேவை விடுவிப்புச் சான்றிதழ் மட்டும் ஏதோ ஒரு காரணத்துக்காகப் பெரியம்மா வீட்டில் இருந்ததால் தப்பியது. அதில் பதக்கங்கள் என்ற இடத்தில் ஒரு கோடு. மையில் இழுத்த ஒரு கோடு, அவ்வளவுதான்.

1972 மே 22 அன்று, நாடு குடியரசான நாளில், படையில் இருந்தவர்களுக்கு என்று ஒரு பதக்கம் உண்டு. அப்பா அன்று படையில்தான் இருந்தார். நீண்டகாலச் சேவைப் பதக்கமும் அவருக்குக் கிடைத்தது, அதைத் துடைத்துக் கொடுத்தவளே நான்தான். ஆனால் துடைத்தவளின் கைக்குக் கந்தோரில் என்ன மதிப்பு?

விடுபட்ட பதக்கங்களைப் பதியச் சொல்லி ஆமிக் கந்தோருக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் மரியாதையானவன், என் மகன் வயது இருக்கும். கோவையைப் பிரித்து வைத்தேன். சான்றிதழ், பென்ஷன் இலக்கம், கல்யாண வீட்டுப் படம் ஒன்று, அதில் அப்பா இரண்டு பதக்கத்தோடும் நிற்கிறார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "மொகடத மிஸ்?" என்று கேட்டான். எதற்கு மிஸ் இது, என்று. கிண்டலாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

எந்தக் கேள்விக்கும் பதில் தயாராக வைத்துக்கொண்டு போனவள் நான். இதற்கு மட்டும் வாய் வரவில்லை. "அப்பாவுக்கு" என்றேன். "அப்பா இருக்கிறாரா?" இல்லை. பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டான். மூன்று மாதமாகிறது. மீன் வாங்கப் போனாலும் அந்தக் கேள்வி கூடவே வருகிறது. நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

கொட்டாஞ்சேனைப் பேரன்:

பதில் எனக்கும் தெரியாது அக்கா. ஆனால் எங்கள் வீட்டுக் கதை இன்னும் மோசம், ஏனென்றால் எங்களிடம் பதக்கம் இருக்கிறது, யாருடையது என்றுதான் தெரியாது.

அம்மப்பா இரண்டாம் உலகப் போரில் தொண்டர் படையில், துறைமுகப் பக்கம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான் விமானங்கள் வந்த அன்று பூசைக்குப் போனவர்கள் பாதியில் ஓடி வந்த கதையை நூறு தடவை சொல்லியிருப்பார். அவர் போன பிறகு அலுமாரியில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி கிடைத்தது. உள்ளே இரண்டு. ஒன்றில் இரட்டைத் தலை டிராகனை மிதிக்கும் சிங்கம், அது 1939-45 போர்ப் பதக்கம். மற்றது பச்சையும் செம்மஞ்சளும் நாடாவில் வரும் பாதுகாப்புப் பதக்கம்.

கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகன், அது தன் அப்பப்பாவுடையது, அவரும் போரில் இருந்தவர், எங்கள் வீட்டில் பத்திரத்துக்கு வைத்தது என்கிறான். சரி, பெயரைப் பார்த்துவிடலாம் என்று டியூப் லைட்டின் கீழே பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து பதக்கத்தின் விளிம்பை ஒரு சுற்று உருட்டினேன். இன்னொரு சுற்று. வழுவழுவென்று ஒன்றுமே இல்லை. இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் பெயர் வெட்டாமல் கொடுத்துவிட்டார்களாம், அது அப்புறம்தான் தெரியும். அந்த வெறும் விளிம்பைத் தடவிக்கொண்டு இருந்த நேரம் இருக்கிறதே, அம்மப்பாவே வந்து "நான் யார்?" என்று கேட்டது போல இருந்தது.

இப்போது அவருடைய சேவைப் புத்தகத்தில் போர்ப் பதக்கம் மட்டும் பதிந்திருக்கிறது. 28 நாள் முழுநேரச் சேவை இருந்தாலே அதற்குப் போதும். பாதுகாப்புப் பதக்கத்தைச் சேர்க்கச் சொல்லி இங்கிலாந்துக்கு எழுதியிருக்கிறேன். கனடாக்காரனுக்குத் தெரியாது.

தெஹிவளை கே:

விளிம்பில் பெயர் இல்லை என்று மொத்தமாகச் சொல்லக் கூடாது தம்பி. என் தாத்தா இந்தியப் படையில், பர்மாப் பக்கம் நின்றவர். அவருடைய பதக்கத்தின் விளிம்பில் இலக்கமும் பெயரும் அச்சாக இருக்கிறது. பிரிட்டன் கொடுத்தவைதான் மொட்டை. இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா எல்லாம் பெயர் வெட்டித்தான் கொடுத்தன. தெரிந்து எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனைப் பேரன்:

கே அண்ணா, நான் சொன்னது எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்த இரண்டையும். உங்கள் தாத்தாவுக்குப் பெயர் இருந்தால் சந்தோஷம்.

தெஹிவளை கே:

பெயர் இருந்தும் என்ன? நாலு எழுத்து பிழை. அதை வைத்துக்கொண்டு அப்பா பத்து வருஷம் அலைந்தார். பெயர் இல்லாதவனுக்கு ஒரு கவலை, பிழையான பெயர் உள்ளவனுக்கு ஒன்பது. இதைத்தான் சொல்ல வந்தேன், நீங்கள் கோபித்துக்கொண்டீர்கள்.

மட்டக்குளி:

எல்லோரும் சுற்றிப் போகிறீர்கள். மூத்தமகளிடம் ஒன்று கேட்கலாமா? 83இல் உங்கள் வீட்டை எரித்தார்கள். அதற்குப் பிறகும் அந்தப் பதக்கம் எதற்கு? இதைக் கேட்க வேண்டியது அந்தப் பையன் இல்லை, நாங்கள்.

பம்பலப்பிட்டி லக்சுமி:

மட்டக்குளி, அதை அவர் சொல்வார். நான் என் தம்பியின் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறேன், அம்மா எழுந்துவிடுவார்.

தம்பி கிரீன் கார்டில் போய் அமெரிக்க ஆமியில் சேர்ந்தவன். 2003 ஈராக். 2004 நடுப்பகுதியில் வெளியே வந்துவிட்டான். வெளியே வரும்போது டிடி 214 என்று ஒரு தாள் கொடுப்பார்கள், அவர்களுக்கு அதுதான் சாதகக் குறிப்பு மாதிரி. அதில் 13ஆம் பெட்டியில் பதக்கங்கள் வரும். அம்மாவுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், மிஷன் பள்ளிக்கூடம். அவன் அனுப்பிய நகலை வாசித்துவிட்டு, வைபரில் எடுத்து, "ஈராக் என்ற சொல்லே அந்தப் பெட்டியில் இல்லையே, நீ அங்கே போகவில்லையா?" என்று கேட்டார். ஒரு வருஷம் சாமி அறையிலேயே இருந்த மனுஷி.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரித்தான். "அம்மா, அந்தப் பதக்கம் நான் வெளியே வந்த பிறகுதான் பிறந்தது."

உண்மைதான். ஈராக் போர்ப் பதக்கத்தை உண்டாக்கியதே 2004 நவம்பரில். 2003 மார்ச் 19 முதல் இருந்தவர்களுக்கும் செல்லும் என்று பின்தேதியிட்டார்கள். அதற்கு முன்பு போனவர்களுக்குப் பயங்கரவாத எதிர்ப்புப் போருக்கான வெளிநாட்டுக் களப் பதக்கம்தான். அதைக் கொடுத்து இதை மாற்றிக்கொள்ளலாம், ஒரே சேவைக்கு இரண்டும் கிடையாது. மாற்றினால் டிடி 215 என்று ஒரு திருத்தத் தாள் வரும், பழைய தாளைத் தொட மாட்டார்கள். அவன் இன்னும் போடவில்லை. "பாப்பம்" என்கிறான். அம்மா மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அவருக்கு எண்பத்திரண்டு.

சிவப்புப் பேனா (ஓய்வு):

என் மனைவியின் அண்ணாவுக்கும் இப்படி ஒரு பதக்கம் விடுபட்டு, இரண்டு வருஷத்துக்குப் பிறகு சேர்த்தார்கள். அதில் நடந்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மேலே எழுதிய எல்லோரும் ஒரே பிழையைச் செய்கிறீர்கள், அதைச் சொல்லாமல் போனால் எனக்கு நித்திரை வராது. முப்பத்தொரு வருஷம் கோவைகளோடு இருந்தவன் நான்.

லக்சுமி, தம்பி நேரே திருத்த வாரியத்துக்கு டிடி 149 படிவத்தைப் போடக் கூடாது. அது கடைசிப் படி. முதலில் அவர்களுடைய ஆளணிப் பிரிவுக்கு எழுத வேண்டும், சின்னத் திருத்தம் அங்கேயே முடிந்துவிடும். கீழ்ப்படியில் ஏறாமல் மேல்படிக்குப் போனால் வாரியம் திருப்பி அனுப்பிவிடும். பிழை தெரிய வந்த நாளிலிருந்து மூன்று வருஷம் என்று ஒரு கெடுவும் இருக்கிறது, நியாயமான காரணம் என்றால் வாரியமே அதைத் தளர்த்தும். கெடு தாண்டிவிட்டது என்று பயந்து சும்மா இருப்பவர்கள்தான் அதிகம்.

செயின்ட் லூயிஸ் தீவிபத்தைப் பற்றியும் தெரிந்து வைத்திருங்கள். 1973 ஜூலை 12, அமெரிக்கப் படையினரின் பழைய கோவைகள் இருந்த கட்டடம். ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேல் எரிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையில் வெளியே வந்த ஆமிக்காரர்களின் கோவைகளில் ஐந்தில் நான்கு போய்விட்டன. உங்கள் தம்பிக்கு இது பொருந்தாது, ஆனாலும் சொல்கிறேன். அந்தக் கோவைகளை எப்படித் திரும்பக் கட்டினார்கள் தெரியுமா? சம்பளச் சிட்டையை வைத்து. காலை ஆஜர்ப் பட்டியலை வைத்து. பதக்கம் கொடுத்தவன் எழுத மறப்பான், சம்பளம் கொடுத்தவன் மறக்க மாட்டான். மூத்தமகள் பிள்ளைக்கும் இதைத்தான் சொல்வேன். பதக்கத்தைத் தேடாதீர்கள், பாட் டூ ஓர்டரைத் தேடச் சொல்லுங்கள். சேர்ந்தது, மாறியது, பதவி உயர்ந்தது, பதக்கம் வாங்கியது எல்லாம் அதில்தான் வரும். 72க்கு முன் கிடைத்த நீண்டகாலச் சேவைப் பதக்கம் 'சிலோன்' என்ற பெயரில் இருக்கும், பின்னர் வந்தது 'ஸ்ரீ லங்கா'. இளம் பையன்கள் இரண்டாவதில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்பார்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். எங்கள் ஆட்களுக்குப் பெயரால் தேடினால் ஒன்றும் வராது. வெள்ளைக்காரன் போட்ட படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரை எழுதிவிட்டு வந்துவிடுவோம். சில இடத்தில் தகப்பன் பெயர் முன்னால், சில இடத்தில் பின்னால், 'செ' என்பதை எஸ் போட்டு ஒருவன், ஸி எச் போட்டு இன்னொருவன். ஒரே மனிதன் நாலு கோவையில் நாலு பேராக இருப்பான். அதனால் சேவை இலக்கம், முதலில் சேவை இலக்கம். கொட்டாஞ்சேனைத் தம்பியும் கேட்டுக்கொள்ளுங்கள். அத்தோடு எல்லாப் பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி. மூலப் பத்திரத்தைக் கையை விட்டுக் கொடுக்கவே கூடாது, உறுதிப்படுத்திய போட்டோக் கொப்பிதான். பதிவுத் தபால் துண்டைப் பத்திரமாக வையுங்கள். பென்சிலால் குறித்தான் என்றீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை.

கொட்டாஞ்சேனைப் பேரன்:

ஐயா, சேவை இலக்கம் புத்தகத்தில் நனைந்து கடைசி இரண்டு இலக்கம் அழிந்துவிட்டது. அதைத்தான் அவர்களும் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

வெள்ளவத்தை மூத்தமகள்:

சிவப்புப் பேனா ஐயா, நான் வழி கேட்கவில்லை, ஆனாலும் சொன்னதற்கு நன்றி. வழி ஓரளவு தெரியும்.

மட்டக்குளிக்கு: கேட்டது நியாயம்தான், கோபமில்லை. அப்பாவும் அந்தப் பதக்கங்களைப் பற்றி 83க்குப் பிறகு வாய் திறக்கவில்லை. நவம்பரில் விகாரமகாதேவிப் பூங்கா நினைவுத்தூணடியில் பழைய ஆட்கள் கூடுவார்கள், ஒரு வருஷமும் போகவில்லை. பொப்பி மலர் விற்க வந்தால் மட்டும் காசு கொடுத்து வாங்குவார். வாங்கி, சட்டையில் குத்தாமல் பைக்குள் போட்டுக்கொள்வார். தோய்க்கும்போது நான் எடுத்து மேசையில் வைப்பேன். அடுத்த நாள் மறுபடி பையில் இருக்கும். வேண்டாம் என்றால் எறிந்திருக்கலாம் இல்லையா? உங்களுக்கு இது பதில் இல்லை என்று தெரியும்.

மட்டக்குளி:

சரி.

வெள்ளவத்தை மூத்தமகள்:

ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன். போன கிழமை அந்தப் பையன் கோல் பண்ணினான். பென்சில் குறிப்பை அவன் மறக்கவில்லை, ஐயா கவனிக்கவும். பதிவேட்டில் இரண்டு பதக்கமும் இருக்கிறதாம், ஆரம்பத்திலிருந்தே இருக்கிறதாம். ஆனால் அப்பாவின் பெயருக்கு நேரே இல்லை. ஒரு இடத்தில் அப்பப்பாவின் பெயரை மட்டும் எழுதி, அப்பாவின் பெயரை ஒற்றை எழுத்தாக்கிவிட்டார்கள். பெயர் பொருந்தாததால் சான்றிதழ் எழுதியவர் கோட்டை இழுத்திருக்கிறார். இலக்கம் ஒன்றுதான், அதை வைத்துத்தான் பையன் பிடித்தான்.

அப்பப்பா வண்ணார்பண்ணையில் வாத்தியார். அப்பா ஆமியில் சேர்ந்த நாளிலிருந்து அவரோடு பேசவில்லை. லீவில் சீருடையோடு வந்தால் பின் வாசலால் வரச் சொல்வாராம். சாகும்வரை அப்படித்தான். அந்த மனுஷனின் பெயரில்தான் இரண்டு பதக்கமும் இத்தனை வருஷம் கிடந்திருக்கிறது. கோலை வைத்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

திருத்தக் கடிதம் வந்துவிட்டது, அப்பாவின் முழுப் பெயரோடு. வாங்கப் போனபோது பையன் எதற்கு என்று கேட்கவில்லை. தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டான்.

பம்பலப்பிட்டி லக்சுமி:

அக்கா, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தம்பிக்கு உடனே கோல் எடு என்கிறார், அங்கே இப்போது விடிய மூன்று மணி.

சிவப்புப் பேனா (ஓய்வு):

கடிதத்தை லேமினேட் பண்ணிவிடாதீர்கள், மை போய்விடும். மூன்று கொப்பி எடுங்கள்.