இரவு 3 மணிக்குத் தூங்கும் செக்யூரிட்டி: அபராதம் போடலாமா?

நாவலூர்_செயலாளர்

எங்கள் அடுக்ககத்தில் 180 வீடு. நான் செயலாளராகி எட்டு மாசம் ஆகிறது. அதற்குள் கேட்டில் பதினோரு ஆள் மாறிவிட்டார்கள். போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, விடியற்காலை 3.10க்கு மெயின் கேட்டில் இருந்தவர் நாற்காலியில் சாய்ந்து தூங்குவது சிசிடிவியில் பதிவாகியிருந்தது. வெளியே கார் வந்து நின்று இரண்டு தரம் ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தார்.

கமிட்டி கூடி இரண்டு முடிவு எடுத்தோம். இரவு 11 முதல் 5 வரை கேட்டில் நாற்காலி கிடையாது. தூங்கி மாட்டினால் ஒவ்வொரு தடவைக்கும் 200 ரூபாய் பிடித்தம். பத்தே நாளில் அவரும் இன்னொருவரும் சொல்லாமல் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். 22 வருஷம் ஆபீசில் டீம் நடத்தியவன் நான். இங்கே ஆட்களை நிறுத்தி வைத்து வேலை வாங்கத் தெரியவில்லை. அசோசியேஷன் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஏழுமாடி

எடுத்த முடிவில் நில்லுங்கள் சார். இரண்டு வருஷம் முன்னால் எங்கள் பேஸ்மென்ட்டில் ஒரே ராத்திரியில் நான்கு கார் பேட்டரியும் ஒரு பைக்கும் போயின. அன்று கேட்டில் இருந்தவர் தங்கமான மனுஷன், குழந்தைகளெல்லாம் தாத்தா என்று கூப்பிடுவார்கள். ஆனால் தூங்கிவிட்டார். போன பைக் டெலிவரி வேலை பார்க்கும் ஒரு பையனுடையது, இஎம்ஐ கூட முடியவில்லை. அவன் அம்மா என் வீட்டு வாசலில் வந்து அழுதார்கள். அப்போது நான்தான் செயலாளர். என்ன பதில் சொல்வது?

அதற்குப் பிறகு மணிக்கொரு தரம் ரவுண்ட்ஸ், ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து, தவறினால் பிடித்தம் என்று வைத்தேன். ஆள் மாறினால் மாறட்டும். வேலை நடக்க வேண்டும்.

கேட்_நம்பர்_2

நான் 14 வருஷமாக ஃபெசிலிட்டி மேனேஜர். பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர், இப்போது பள்ளிக்கரணை பக்கம். செயலாளர் சாரிடம் ஒரே ஒரு கேள்வி. அந்த செவ்வாய்க்கிழமைக்கு முந்தின பகல் அவர் எங்கே இருந்தார்? அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

நாவலூர்_செயலாளர்

பார்த்தேன் சார். ஞாயிறு இரவு 8 மணி டியூட்டிக்கு அவர் கையெழுத்து. திங்கள் பகலுக்கும் அவர்தான், திங்கள் இரவுக்கும் அவர்தான். அடுத்த ஷிஃப்ட்டுக்கு மாற்ற வர வேண்டிய ஆள், ரிலீவர், வரவில்லை. முதல் கையெழுத்து கட்டத்துக்குள் அழகாக இருக்கிறது. மூன்றாவது கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கி அடுத்த ஆளின் கட்டத்தில் முடிகிறது. கேமராவில் நாங்கள் பார்த்தது அவருடைய 32ஆவது மணி நேரம். இது எனக்குத் தெரியாது. எங்கள் அடுக்கக மேனேஜருக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லவில்லை.

ஏழுமாடி

அப்படியென்றால் ஆள் அனுப்பும் ஏஜென்சி மேல் பாயுங்கள், அது அவர்கள் தப்பு. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. என்னால் முடியவில்லை என்று அந்த ஆள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொல்லியிருந்தால் யாராவது மாற்று ஏற்பாடு செய்திருப்பார்களே.

திண்டிவனத்துக்காரன்

ஏன் சொல்லவில்லை என்று கேட்டதால் எழுதுகிறேன். என் அப்பா 58 வயதில் ஊரை விட்டு வந்து சென்னையில் செக்யூரிட்டியாக நின்றவர். டபுள் டியூட்டி பார்த்தால் அந்த நாளுக்கு இரண்டு சம்பளம். அப்போது தங்கச்சிக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. முடியாது என்று ஒரு தரம் சொன்னவரை ஏஜென்சி அடுத்த மாசம் தூரத்து சைட்டுக்குத் தூக்கிப் போட்டுவிடும். அதனால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் அப்பா நாற்காலியில் கண்ணயர்ந்ததை ஒரு வீட்டுக்காரர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். ‘இதற்குத்தான் மெயின்டனன்ஸ் கட்டுகிறோமா’ என்று கீழே எழுதியிருந்தார். தண்ணிக் கேன் போடுகிற பையன் அதை அப்பாவிடமே காட்டினான். மறுநாள் அப்பா போகவில்லை. அந்த மாசம் பார்த்த 19 நாள் சம்பளம் கடைசி வரை வரவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை, அப்பா கேட்க விடவில்லை.

நாற்காலியை எடுப்பது பற்றி ஒன்று. நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தையே திருத்தினார்கள். கேரளா 2018லேயே செய்துவிட்டது. சட்டசபை கொடுத்த நாற்காலியை அசோசியேஷன் பிடுங்கலாமா?

ஏழுமாடி

தம்பி, அப்பாவுக்கு நடந்தது அநியாயம். போட்டோ போட்டவர் செய்தது ஈனமான காரியம். எங்கள் குரூப்பில் ஊழியர் படம் போடக் கூடாது என்று நான் செயலாளராக இருந்தபோதே விதி வைத்தேன்.

ஆனால் நீங்கள் சொல்லும் சட்டம் கடைகளுக்கும் வியாபார நிறுவனங்களுக்கும் வந்தது. ராத்திரி கேட் காவல் வேறு விஷயம். மூன்று மணிக்கு உட்கார்ந்தால் யாருக்கும் கண் சொக்கும், எனக்கும் சொக்கும். அதனால்தான் நிற்கச் சொல்கிறேன். இதில் கொடுமை எதுவும் இல்லை.

கேட்_நம்பர்_2

நிற்க வைத்தாலும் 32ஆவது மணி நேரத்தில் தூக்கம் வரும் சார். நின்றபடி கேட் கம்பியில் சாய்ந்து தூங்கி, விழுந்து பல் உடைந்த ஆளை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறேன்.

அபராதத்துக்கு வருகிறேன். 1936ஆம் வருஷத்து ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலிருந்தே இதற்கு விதி உண்டு, 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. எந்தத் தவறுக்கு அபராதம் என்று முன்கூட்டி அறிவிக்க வேண்டும். விளக்கம் கேட்காமல் போடக் கூடாது. ஒரு சம்பள காலத்தில் மொத்த அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிடித்த காசை ஊழியர் நலனுக்குத்தான் செலவழிக்க வேண்டும். உங்கள் கேட் ஆளுக்கு ஏஜென்சி கையில் தருவது 12,000 இருக்குமா? 3 சதவீதம் 360 ரூபாய். இரண்டாவது 200லேயே சட்டத்தை மீறிவிட்டீர்கள்.

சட்டத்தை விடுங்கள், அபராதம் வேலை செய்கிறதா? இஸ்ரேலில் ஹைஃபா ஊரில் குழந்தைகள் காப்பகங்கள் பத்தில் இதைச் சோதித்துப் பார்த்து 2000ஆம் வருஷம் வெளியிட்டார்கள். குழந்தையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சின்ன அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கூடியது. டீச்சர் காத்திருக்கிறாரே என்ற கூச்சம் போய், காசுதான் கட்டிவிட்டோமே என்றாகிவிட்டது. பிறகு அபராதத்தை எடுத்தும் பழைய நிலை திரும்பவில்லை.

ஏழுமாடி

பெற்றோர் காசு கொடுக்கிற கஸ்டமர், செக்யூரிட்டி சம்பளம் வாங்குகிறவர். அந்தச் சோதனையை இங்கே அப்படியே பொருத்த முடியாது. 3 சதவீத விஷயம் எனக்குத் தெரியாது, தெரிந்துகொண்டேன். அப்படியானால் ஆளுக்குப் போட வேண்டாம், ஏஜென்சி பில்லில் கழியுங்கள். ரிலீவர் வராத ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கண்டிப்பு வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

தெற்குப்பார்த்தவீடு

நானும் ஓஎம்ஆரில்தான், வீட்டுக்காரி. இங்கே யாரும் காசு பற்றிப் பேசவில்லை. 12 மணி நேர ஷிஃப்ட்டை 8 மணி நேரமாக்கினால் ஒரு கேட்டுக்கு ஒரு ஆள் கூடும். செயலாளர் சார் இடத்தில் இரண்டு கேட் என்று வைத்தால் இரண்டு பேர். ஆளுக்கு 18,500 ஏஜென்சி பில் என்றால் மாசம் 37,000. 180 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 206 ரூபாய். கேட்கச் சின்னதுதான். ஆனால் என் மாடியில் பென்ஷனில் இருக்கும் இரண்டு பேர் ஏற்கெனவே 4,200 மெயின்டனன்ஸை இரண்டு தவணையாகக் கட்டுகிறார்கள். ஏஜிஎம்மில், அதாவது வருடாந்தரப் பொதுக்கூட்டத்தில், கட்டணத்தைக் கூட்டச் சொன்னால் கை தூக்குவது யார்?

கேட்_நம்பர்_2

மேடம் சொல்வது நியாயம். மூன்று ஷிஃப்ட்டை நானும் உடனே கேட்க மாட்டேன். இரவு 2 முதல் 4 வரை ரவுண்ட்ஸ் ஆளையும் கேட் ஆளையும் மாற்றி விடுங்கள், உட்கார்ந்தவர் நடக்கட்டும், நடந்தவர் உட்காரட்டும். 12 மணிக்கு ஒரு பிளாஸ்க் டீ. ஒரு ஆள் தொடர்ந்து இரண்டாவது ஷிஃப்ட் பார்க்க வேண்டி வந்தால் மேனேஜர் செயலாளருக்கு போன் பண்ணித்தான் ஆக வேண்டும், நடு ராத்திரியானாலும். இதற்கெல்லாம் 206 ரூபாய் ஆகாது.

ஆள் நிற்காததற்கு எனக்குத் தெரிந்த பெரிய காரணத்தை இன்னும் யாரும் தொடவில்லை. 180 வீடு என்றால் 180 முதலாளி. ஹவுஸ்கீப்பிங் அக்கா படிக்கட்டு பெருக்கிக்கொண்டிருப்பார். மூன்றாம் மாடி மேடம் பால்கனி கழுவக் கூப்பிடுவார், ஐந்தாம் மாடி சார் பார்சலை மேலே கொண்டுவரச் சொல்வார், கமிட்டி மெம்பர் ஒருவர் வந்து படிக்கட்டு ஏன் முடியவில்லை என்று சத்தம் போடுவார். நான் போன இடத்திலெல்லாம் முதலில் வைக்கும் விதி, ஊழியருக்கு உத்தரவு மேனேஜர் வழியாக மட்டும். பிரசிடென்ட்டே ஆனாலும் நேராகச் சொல்லக் கூடாது. இதை ஒத்துக்கொள்ள வைக்க ஒரு இடத்தில் ஏழு மாசம் ஆனது. அதற்கப்புறம் அங்கே ஹவுஸ்கீப்பிங்கில் இரண்டு வருஷம் ஒருவரும் வேலையை விட்டுப் போகவில்லை.

2019 ஜூனில் ஏரியெல்லாம் வற்றி சென்னை முழுக்க லாரித் தண்ணீரில் ஓடியதே, அப்போது எங்கள் சைட்டில் ஒரு பெரியவர், விழுப்புரம் பக்கம், கேட்டில் இருந்தார். 12,000 லிட்டர் லாரி என்று பில் போடுவார்கள். இவர் ஒரு சவுக்குக் குச்சியில் ஆணியால் கோடு கிழித்து வைத்துக்கொண்டு, வால்வைத் திறக்கும் முன்னால் லாரி மேல் ஏறி மூடியைத் திறந்து அளப்பார். ஈரம் கோட்டைத் தொடவில்லை என்றால் சம்ப்பில் ஊற்ற விடமாட்டார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. கிணற்றுப் பாசனம் பார்த்தவர், தண்ணீர் அளவு அவருக்குத் தெரியும். லாரி ரிஜிஸ்டரையே அவர் பொறுப்பில் விட்டுவிடச் சொன்னேன். அவர் கையெழுத்து இல்லாமல் தண்ணீர் பில் பாஸ் ஆகாது என்று பொருளாளர் எழுதிக் கொடுத்தார். ராத்திரி 2 மணி லாரிக்கும் அவர்தான் முழித்துக்கொண்டு நிற்பார். சம்பளத்தில் ஒரு ரூபாய் கூட்டவில்லை, கூட்டியிருக்க வேண்டும். அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

ஏழுமாடி

அந்தப் பெரியவர் மாதிரி ஆள் பத்தில் ஒருவர்தான். மீதி ஒன்பது பேரை வைத்துத்தான் நான் கேட் நடத்தியாக வேண்டும்.

கேட்_நம்பர்_2

ஒன்பது பேரிடமும் ஏதாவது ஒன்று இருக்கும் சார், கேட்டால்தான் தெரியும். நான் கண்டிப்புக்கு எதிரி இல்லை. எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு, தொட்டிக்குள் ஆளை இறக்கினால் அன்றைக்கே வேலை போகும், இறங்கினவருக்கு அல்ல, இறக்கச் சொன்ன சூப்பர்வைசருக்கு. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013 சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலோ மலத்தொட்டியிலோ ஆளை இறக்குவதைத் தடை செய்திருக்கிறது. கழிவுநீர்க் குழியில் உயிர் போனால் இழப்பீடு 10 லட்சம் என்று இருந்ததை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக்கியது. எங்கள் சைட்டில் இதற்கு எந்த மன்னிப்பும் கிடையாது. கண்டிப்பு மேலே இருப்பவரிடமிருந்து ஆரம்பித்தால் கீழே இருப்பவர் முணுமுணுக்க மாட்டார்.

திண்டிவனத்துக்காரன்

செயலாளர் சார், ஒன்று செய்யுங்கள். பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (ஊழியர் மருத்துவக் காப்பீடு) இரண்டையும் ஏஜென்சி உண்மையில் கட்டுகிறதா என்று பாருங்கள். உங்களுக்கு வரும் பில்லில் கட்டியதாக இருக்கும். ஆட்களிடம் உமாங் என்ற அரசு ஆப்பில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறக்கச் சொல்லுங்கள், ஒரு நிமிஷ வேலை. என் அப்பாவுக்கு நான்கு வருஷத்தில் ஒன்பது மாசம்தான் ஏறியிருந்தது. இஎஸ்ஐ கார்டு என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

தெற்குப்பார்த்தவீடு

இதை எங்கள் கமிட்டியிலும் கேட்கப் போகிறேன். மேனேஜர் சார் சொன்ன பார்சல் விஷயத்தில் நானும் உண்டு. இனிமேல் கீழே போய் எடுத்துக்கொள்கிறேன்.

நாவலூர்_செயலாளர்

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. ஏழு பேரில் நான்கு பேர் சம்மதித்ததால் நாற்காலி கேட்டுக்குத் திரும்பிவிட்டது. ஆளுக்கு அபராதம் ரத்து. ரிலீவர் வராத ஷிஃப்ட்டுக்கு ஏஜென்சி பில்லில் கழிவு, இது ஏழுமாடி சார் சொன்னபடி. உத்தரவு மேனேஜர் வழியாக மட்டும் என்பதற்கு மூன்று பேர் ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். பாஸ்புக் பார்த்ததில் ஆறு பேரில் இரண்டு பேருக்கு மார்ச்சிலிருந்து எதுவும் ஏறவில்லை.

ஏழுமாடி

ரவுண்ட்ஸ் கையெழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள் சார். நாற்காலிக்கு நான் கை தூக்கியிருக்க மாட்டேன்.

நாவலூர்_செயலாளர்

ரவுண்ட்ஸ் கையெழுத்து அப்படியே இருக்கிறது சார். நின்றுபோனவருக்கு நேற்று போன் பண்ணினேன். சிறுசேரியில் வேறு சைட்டில் இருக்கிறாராம். கேமரா விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, திரும்பி வருகிறீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “ரிலீவர் வருவாரா சார்?” என்றார். ஒன்றாம் தேதியிலிருந்து வருவார் என்று சொல்லியிருக்கிறேன். அதை ஏஜென்சியிடம் எழுத்தில் வாங்க நாளைக் காலை போகிறேன்.